ரோமாபுரியின் குடிநீர் இலாகா

ரோமாபுரியின் தண்ணீரைப் பற்றிப் பேசினால் வளைவு வளைவாக நிற்கும் கல் பாலங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அந்நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களில் பெரும்பகுதி மண்ணுக்கடியில்தான் ஓடியது. அந்தக் கால்வாய்களை நடத்திய அலுவலகமோ அதைவிடவும் கண்ணில் படாதது. இந்தக் கட்டுரை அந்த அலுவலகத்தைப் பற்றியது.

முதல் கால்வாயான அக்வா அப்பியா கி.மு. 312இல் வந்தது, நீளம் சுமார் 16 கி.மீ. கி.மு. 144இல் வேலை தொடங்கிய அக்வா மார்சியா சுமார் 91 கி.மீ. நீளம். அப்போதெல்லாம் தனி இலாகா கிடையாது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தது. இத்தனை ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் பெயர்கள் அரசு ஏட்டில் ஏறும்.

நிலைமையை மாற்றியவர் பின்னாளில் பேரரசரான அகஸ்டஸின் தோழர் அக்ரிப்பா. கி.மு. 33இல் நகரப் பொறுப்பை ஏற்று, பழைய கால்வாய்களைச் செப்பனிட்டார், புதிதும் வெட்டினார். இந்த வேலைக்கென்று சுமார் 240 பேர் கொண்ட சொந்தப் படை ஒன்றையும் வைத்திருந்தார். கி.மு. 12இல் அவர் இறந்தபோது அந்த ஆட்கள் அகஸ்டஸுக்குப் போய், அவர் வழியாக அரசின் ஆட்கள் ஆனார்கள். மறு ஆண்டு மெஸ்ஸாலா கொர்வினஸ் முதல் நீர்த் தலைவராக நியமிக்கப்பட்டார். இலாகா பிறந்த கதை இதுதான். பின்னால் கிளாடியஸ் பேரரசர் 460 பேரைச் சேர்க்க, மொத்தம் 700 ஆயிற்று: தொட்டிக் காவலர், ரோந்து சுற்றுபவர், தெருக்கல் பெயர்த்துப் பதிப்பவர், சாந்து பூசுபவர் எனப் பல பிரிவுகள். அத்தனை பேரும் அடிமைகள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை மெச்ச முடியாது.

கி.பி. 97இல் தலைவராக வந்த ஃப்ரொன்டினஸ் பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். கீழே இருப்பவர் சொல்லித் தலைவன் நடப்பது அவமானம் என்று நினைத்தவர். அதனால் தொழிலைத் தானே கற்று, தனக்கென்று ஒரு கையேடு எழுதிக்கொண்டார். ஒன்பது கால்வாய்களின் கணக்கையும் புரட்டினார். வரவு 12,755 குவினாரியா (அது குழாய் அளவை வைத்துத் தண்ணீரை அளக்கும் அலகு), பற்று 14,018. வந்ததைவிடக் கொடுத்தது 1,263 கூடுதல்! நேரே தலைமடைக்குப் போய் அளந்து பார்த்தால், ஏட்டில் இருப்பதைவிட அங்கே வெகு அதிகமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓட்டத்தின் வேகத்தை அளக்க அவருக்கு வழி இல்லை. ஆகவே அவருடைய எண்களை இன்றைய பொறியாளர் அப்படியே ஏற்க மாட்டார். ஆனால் திருட்டு நடந்தது என்ற முடிவு சரிதான்.

திருட்டு நடந்த விதத்தை அவரே விவரிக்கிறார். தண்ணீர் உரிமை ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. வீடு கைமாறினால் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். புது ஆள் வந்ததும் தொட்டியில் புதுத் துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் விட்டு, அந்தத் தண்ணீரை ஊழியர்கள் விற்றுக் காசாக்குவார்கள். தெருவுக்கடியில் ஓடும் குழாயில் ஆங்காங்கே ஓட்டை போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் தொட்டியிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் முத்திரையிட்ட வெண்கல வாய் பொருத்த வேண்டும் என்றும், அதற்கு அப்பால் 50 அடி வரை குழாயின் அகலம் மாறக் கூடாது என்றும் விதி இருந்தது. ஈயத்தை வளைத்து வாயைப் பெரிதாக்கலாம், வெண்கலத்தில் அது நடக்காது. அரசு ஆட்களைத் தனியார் வேலைக்கு அனுப்பும் வழக்கத்தையும் ஃப்ரொன்டினஸ் நிறுத்தினார். மறுநாள் வேலையை முதல் நாளே எழுதிக் கொடுத்து, செய்த வேலையைத் தினமும் ஏட்டில் ஏற்றச் சொன்னார்.

கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்பதற்கு அக்வா கிளாடியா சாட்சி. கி.பி. 52இல் திறந்த அந்தக் கால்வாய், ஒன்பது ஆண்டுகள் நின்றுபோய்க் கிடந்ததாகவும், 71இல் தாம் சரிசெய்ததாகவும் பேரரசர் வெஸ்பாசியன் வைத்த கல்வெட்டு போர்ட்டா மஜோரே வாசலில் இன்றும் இருக்கிறது. பத்தே ஆண்டில், 81இல், அவர் மகன் டைட்டஸும் அதே வாசலில் இன்னொரு பழுதுபார்ப்புக் கல்வெட்டு வைக்க நேர்ந்தது.

537இல் ஜெர்மானிய இனத்தவரான கோத்தர்கள் ரோமாபுரியை முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். ஃப்ரொன்டினஸின் கையேடு மட்டும் மடாலயப் பிரதியாகத் தப்பி, 1429இல் மோன்டே கசினோ மடத்தில், பழைய ஏடுகளைத் தேடிய அறிஞர் போஜியோ பிராச்சொலினி கையில் கிடைத்தது. சின்ன நூல்தான். நீர்வழங்கல் பணியில் இருப்பவர்கள் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். அவர்களில் யாராவது தமிழில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.