செலோஸும் வைராக்கியமும்

செலோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அகராதி இரு பொருள் தருகிறது: பற்றின் வேகம் ஒன்று, பொறாமை மற்றொன்று. அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் இதனை அழுக்காற்றிலிருந்து பிரித்துக் காட்டினார். பிறர்க்குள்ள சிறப்பு நமக்கில்லையே என வருந்தி அதனை அடைய முயல்வது செலோஸ். அது பிறர்க்கும் இருத்தலாகாது என எண்ணுவது அழுக்காறு. முதல் நூற்றாண்டில் யூதேயாவில் உரோமரை எதிர்த்த தீவிரர்க்கும் இச்சொல்லின் வழியே பெயர் அமைந்தது. தமிழ் விவிலியத்தில் இயேசுவின் சீடருள் ஒருவர் ‘செலோத்தே’ எனப்படுவதை மாணவர் அறிவர்.

அவ்விவிலியத்தில் செலோஸ் ‘பக்திவைராக்கியம்’ ஆயிற்று. வியப்பான தேர்வு இது. வைராக்கியம் என்பதன் வடமொழிப் பொருள் பற்றின்மை. பற்றின் மிகுதிக்குப் பற்றின்மையின் பெயரா? பிழை என்று ஒதுக்குவோர் இருக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. தமிழ் வழக்கில் அச்சொல், மரத்தின் வைரம்போல் இறுகிய மனவுறுதியையும் குறிக்கும்.

இதற்குச் சான்று நம் வட்டாரத்திலேயே உண்டு. 1917இல் கோலசிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனையைப் பயிரிட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். துரை பிரெஞ்சுக்காரர், தோட்டத்தின் பெயரோ தமிழ். இத்தகைய தோட்டங்களின் லயங்களிலிருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்கச் செல்பவர் பல நாள் நோன்பிருப்பார். புலால் விலக்குவார், தரையில் படுப்பார், இல்லற இன்பம் நீக்குவார். இவையெல்லாம் துறவின் கூறுகள். தைப்பூசத்தன்று அவர் படியேறும் வேகமோ துறவியின் அமைதியன்று; கிரேக்கர் செலோஸ் என்றது அதனைத்தான். விடுவதும் பற்றுவதும் ஒருவரிடமே நிகழ்கின்றன. இரண்டிற்கும் ஊரார் வழங்கும் பெயர் வைராக்கியம் ஒன்றே. கிரேக்கச் சொல்லில் இல்லாத நோன்பின் சாயலை மொழிபெயர்ப்பாளர் அதற்கு ஏற்றிவிட்டனர் எனலாம்.

ஆயினும் செலோஸின் மறுமுகம் தமிழில் விடுபடவில்லை. திருச்சபையைத் துன்புறுத்திய தம் பழைய வேகத்தைப் பவுல் குறிப்பிடும் இடத்திலும் விவிலியம் இச்சொல்லையே ஆள்கிறது. பிறரைச் சுடும் பற்றும் அதனுள் அடங்குகிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தும், கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று எழுந்த பூசலால் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியரைப் பற்றியும், ‘வைராக்கியமாக இருக்கிறார்கள்’ என்றுதானே சொல்கிறோம்?