பசுவின் குளம்புத் தடமும் விக்கா ஊசியும்

புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறவர்கள், சிவப்புத் தரையில் வாசலுக்கு நேரே பிறை வடிவில் உள்ள சிறு பள்ளத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்பார்கள். "பசு மாட்டின் குளம்பு" என்பேன். சிரிப்பார்கள். அது சிரிக்கிற கதை அல்ல. 1983-இல் நான் ஒரு கொத்தனாருக்குச் செய்த அநியாயத்தின் அடையாளம் அது. அதைச் சொல்லுமுன் சிமென்ட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வகுப்பறைத் தரை முழுக்கப் பூ வேலை செய்த சிமென்ட் கற்கள். வாத்தியார் அவற்றை 'கரோ தெ சிமான்' என்பார். பிரான்சில் ரோன் நதிக்கரையில் விவியே என்ற ஊரைச் சுற்றி, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான தொழில் அது. பக்கத்திலேயே நல்ல சுண்ணாம்புக்கல் கிடைத்தது. சூயஸ் கால்வாய்க்குச் சுண்ணாம்பு போனதும் அந்தப் பகுதியிலிருந்துதான்.

அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. அச்சில் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு இறுக விடுவார்கள். நம் ஆத்தங்குடிக் கல்லும் அந்த இனம்தான். அதில் கண்ணாடிப் பலகை மேல் கையாலேயே வார்ப்பதால், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

ஏன் சிறு சிறு கல்லாகச் செய்தார்கள்? அழகுக்காக மட்டும் அல்ல. சிமென்ட் காயும்போது சுருங்கும். பெரிய பரப்பாக இருந்தால் எங்கேயாவது வெடித்தே தீரும். சிறிய கல்லாக இருந்தால் அந்தச் சுருக்கம் கல்லுக்குக் கல் இணைப்பிலேயே அடங்கிவிடும். மொசைக் தரையில் கண்ணாடிப் பட்டை பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதும் இதற்காகத்தான். 'வெடிக்க வேண்டுமானால் இந்தக் கோட்டில் வெடி' என்று தரைக்கு முன்கூட்டியே வழி காட்டி வைப்பது மாதிரி.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. 1983-இல் முத்தியால்பேட்டையில் வீடு கட்டியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. கூடம் 18 அடிக்கு 12 அடி. ரெட் ஆக்சைடு கலந்த சிமென்ட் தரை. மேஸ்திரி சொன்னார்: "நாலு கட்டமா பிரிச்சுப் போட்டுடலாம் சார். போட்ட பிறகு பாத்தி கட்டி பத்து நாள் தண்ணி நிக்கணும்."

எனக்குக் கோடில்லாமல், கண்ணாடி மாதிரி ஒரே பரப்பாக வேண்டும். பத்து நாளும் கிடையாது. மூன்றாம் நாள் கிரகப்பிரவேசம். வைகாசியை விட்டால் ஆவணி வரை நல்ல நாள் இல்லை. "இன்னிக்கே முடிச்சிடுங்க மேஸ்திரி" என்றேன். கத்திரி வெயில். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டுமென்று, மேலே ஊறி நின்ற தண்ணீரை வற்றவைக்க அவர் வெறும் சிமென்ட் பொடியைத் தூவிக் கரணையால் தேய்த்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பசுவும் கன்றும் உள்ளே வந்தன. பசு மிரண்டு காலை உதைத்ததில் தரையின் மேல்தோல் பெயர்ந்தது. நடுக்கூடத்தில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி ஹோமம் வளர்த்தார்கள். ஒரு மாதத்தில் அந்தச் செங்கல் இருந்த இடத்திலிருந்து நாலாபுறமும் மயிர்க்கோடாக விரிசல் ஓடியது. பொடி தூவிய இடமெல்லாம் வலை பின்னியது போல் ஆனது. சுவரோரம் வெள்ளை பூத்தது.

எனக்குக் கோபம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, வேலையில் குறை இல்லை என்று தெரிந்த பிறகே தருவோம். அதே கணக்கில் மேஸ்திரிக்கு 150 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

வேறு ஆளை வைத்து விரிசலில் சிமென்ட் பால் ஊற்றினேன். நிறம் சேரவில்லை. ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஆக்சைடு ஒவ்வொரு கலவைக்கும் ஒவ்வொரு நிறம் காட்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

சில மாதம் கழித்து ஒரு கோப்பு விஷயமாக சிமென்ட் பரிசோதிக்கும் கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சிறு கருவி. குழைத்த சிமென்ட்டில் ஊசியை இறக்கி, எப்போது இறுகுகிறது என்று பார்ப்பார்கள். பொறியாளர் அதை 'விகாட்' என்றார். "சார், அது பிரெஞ்சுப் பெயர், விக்கா" என்றேன். லூயி விக்கா என்ற பொறியாளர் தோர்தோன் ஆற்றில் பாலம் கட்டும்போது சுண்ணாம்பை ஆராய்ந்து, 1818-இல் அதை வெளியிட்டவர். ஈபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

பொறியாளர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பெயர் உங்களுக்குத் தெரிகிறது. இந்த ஊசி சொல்வது என்ன தெரியுமா? சிமென்ட் இறுகிவிட்டது என்று மட்டும்தான். அதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பலம் வர 28 நாள் கணக்கு. அதுவும் ஈரம் இருந்தால்தான்."

எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி கேட்டது வெறும் பத்து நாள். பொடி தூவியது அவர் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டம் வேண்டாம் என்றதும், தண்ணீர் நிற்க விடாததும், பச்சைத் தரையில் நெருப்பு மூட்டியதும் நான். குறை இருவருடையது, அபராதம் ஒருவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டைத் தேடிப் போய் 150 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். "மாடியில தரை போடறப்போ, ஐயர்கிட்ட நாள் கேக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

மாடித் தரையை அவரே போட்டார். நாலு கட்டம், பத்து நாள் தண்ணீர். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. கீழ்த்தரையைப் பல வருஷம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் வெள்ளை மறைந்தது, விரிசலும் நிறத்தோடு நிறமாகிவிட்டது. குளம்புத் தடம் மட்டும் அப்படியே இருக்கிறது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறான் மகன். என் காலத்துக்குப் பிறகு செய்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.