மரக்காணம் கரையோரச் சமையல்

விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், வங்கக் கடலுக்கும் கழுவெளி நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட உப்பளப் பகுதியிலும் அதையொட்டிய ஊர்களிலும் வழங்கும் வீட்டுச் சமையல் முறை. கல்லுப்பு, புளி, தாளிப்பு வடகம், அன்றன்று கரைக்கு வரும் மீன், மீன் கிடைக்காத நாளில் கருவாடு ஆகியவை இதன் அடிப்படை. மரக்காணம் கடைத்தெருவிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கூரைக் கடைகளிலும், திண்டிவனம் சாலையில் பிரம்மதேசம் வரையுள்ள ஊர்களின் சிறு சாப்பாட்டுக் கடைகளிலும் வெளியூர்க்காரர் இதை ருசிக்கலாம். செட்டிநாட்டுச் சமையலுக்கும் கொங்குச் சமையலுக்கும் கிடைத்த பெயரும் புகழும் இதற்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் இலக்கியச் சான்றின் பழமையில் இது எதற்கும் இளைத்ததல்ல.

இடமும் விளைச்சலும்

கரையில் குப்பங்கள், அடுத்து உப்பளம், அதன் பின்னால் கழுவெளி, அதற்கும் மேற்கே ஏரிப்பாசன நெல்வயலும் செம்மண் புன்செய்யும் என்று சிறு தொலைவுக்குள் நிலம் நான்கு விதமாக மாறுகிறது. அரசர்கள் அந்தணர்க்கு வழங்கிய ஊர்களுக்குரிய பொதுப்பெயரைத் தாங்கிய பிரம்மதேசம் இந்த மேற்குப் பக்கத்தில், வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. கழுவெளி, எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடலோடு கலக்கிறது. 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இதில் 5,151 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மழைக்காலத்தில் நன்னீர் ஏறியும் கோடையில் உவர் ஏறியும் இருக்கும் இந்த நீரில் மடவை, இறால், கழி நண்டு எல்லாம் வளரும்.

ஆகவே இங்கத்திய அடுப்பில் கடல் மீனும் கழி மீனும் வயல் அரிசியும் ஒன்றாகவே சேர்கின்றன. குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு உள்ளூர்களுக்குப் போவது காலங்காலமாக நடப்பது. கடலைப் பார்க்காத ஊரிலும் மீன் குழம்பு வாரத்துக்கு இரண்டு நாள் கொதிப்பதற்கு அந்தக் கூடைதான் காரணம்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் மூன்று விருந்து

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, இன்றும் அதே பெயரில் இருக்கிறது. வள்ளலைத் தேடிப் போகும் பாணர்கள் வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பிடலாம் என்பதை அந்நூல் வரிசையாகச் சொல்கிறது.

முதல் ஊர் எயிற்பட்டினம். இதை மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரத்தை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். மீனவரான நுளையர் மகள் வடித்த கள்ளும், காய்ந்த குழல் மீனைச் சுட்டதும் விருந்து. அடுத்தது வேலூர். மரக்காணம் அருகிலுள்ள உப்புவேலூரே இது என்பாருண்டு. வேட்டுவரான எயினர் வீட்டுப் பெண்கள் சமைத்த சூடான புளிச்சோறும், ஆமான் என்னும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும் அங்கே கிடைக்கும். மூன்றாவது ஆமூர். உழவர் வீட்டுப் பெண் பாணரைப் போகவிடாமல் மறித்து, உலக்கையால் நன்றாகக் குற்றிய அரிசிச் சோற்றை நண்டுக் கறியோடு படைக்கிறாள்.

சுட்ட கருவாடு, புளிச்சோறு, வெண்சோற்றோடு நண்டு. ஆமான் இறைச்சியை விட்டுவிட்டால், இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே இன்றும் இந்தக் கரையில் சமைக்கப்படுகின்றன. நெய்தலும் முல்லையும் மருதமும் ஒரே வழியில் அடுத்தடுத்து வருவதால் மூன்று நிலத்துச் சாப்பாடும் ஒரே பயணத்தில் கிடைத்தது. இன்றைய சமையலின் கலவைக்கும் அதே நில அமைப்புதான் காரணம்.

கிரேக்கத் தீவுகளோடு தொடர்பு

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு, சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்று துறைமுகங்களைக் குறிக்கிறது. பொதுகேயைப் புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடாகவும், சோபட்மாவை மரக்காணமாகவும் அடையாளம் காண்போர் உண்டு. மரக்காணத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு மது வந்த சாடிகளும், ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளும், ‘காரும்’ என்ற மீன் நொதிச்சாறு வந்த சாடிகளும் அவற்றில் இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் கண்டனர்.

மீனை உப்பிட்டுப் பக்குவம் செய்வது இரண்டு கரைக்கும் தெரிந்த வித்தை. கிரேக்கத்தின் பாரோஸ் தீவில் இன்றும் கானாங்கெளுத்தி வகை மீனைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துத் தணலில் சுடுகிறார்கள். எயிற்பட்டினத்துக் குழல் மீன் சூட்டைப் படித்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

உப்பு

மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம் இருக்கிறது. தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. தை பிறந்ததும் பாத்திகளைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் செறிவேற்ற, கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் விடிவதற்கு முன்பே வாரத் தொடங்கிவிடுவார்கள். ஐப்பசி அடைமழையோடு வேலை நின்றுபோகும்.

சமையலறையில் இந்தக் கல்லுப்பின் வேலை குழம்பில் போடுவதோடு முடிவதில்லை. உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் மீனைப் போட்டு, ஒரு கை கல்லுப்பு தூவி உரசினால் வழுவழுப்பும் கவிச்சியும் போகும். கருவாடு போட, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. நெத்திலி போன்ற பொடி மீனை உப்பில்லாமலும் மணலிலோ வலையிலோ பரப்பிக் காயவைப்பதுண்டு.

மீனும் குழம்பும்

நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், சங்கரா, திருக்கை, வஞ்சிரம், கழியில் பிடித்த மடவை, இறால், நண்டு ஆகியவை வழக்கமானவை. பொடி மீன்தான் வீட்டுச் சமையலின் உயிர். வஞ்சிரம் விலைக்குப் போகும். சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து உதிர்த்து, நிறைய பூண்டும் வெங்காயமும் சேர்த்துப் புட்டாக்குவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாவைத் தேடி வாங்கிக் கொடுப்பது குப்பத்து வழக்கம்.

மீன் குழம்பு மண்சட்டியில், நல்லெண்ணெயில் தொடங்கும். வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் புளிக்கரைசலும் குழம்பு மிளகாய்த்தூளும் சேரும். பச்சை வாசனை போகக் கொதித்து எண்ணெய் மேலே மிதந்த பிறகே மீன் இறங்கும். அதன் பிறகு கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் மாங்காய்க் கீற்றும் விழும். முதல் நாளைவிட மறுநாள் ருசி கூடும் என்பதால், காலையில் பழைய சோற்றுக்கு மீதக் குழம்பு எடுத்துவைக்கப்படும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக வரும் இந்தத் தடையில் சிறு படகுக்காரர்களின் மீனும் கழி மீனும் மட்டுமே கிடைக்கும். கத்தரிக்காய், மொச்சை, வாழைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு அதுவே காலம்.

தாளிப்பு வடகம்

தாளிப்பு வடகம் வட தமிழ்நாட்டுக் குழம்புகளின் தனி மணம். அதே சித்திரை வெயிலில்தான் இதுவும் தயாராகிறது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு கலந்து ஒரு ராத்திரி பானையில் மூடிவைப்பார்கள். மறுநாள் வெயிலில் பரப்பி, மாலையில் அள்ளிப் பானையில் அடைத்து, மீண்டும் பரப்பி என்று பல நாள் போகும். பிறகு விளக்கெண்ணெய் தடவி உருட்டிய உருண்டைகள் கல்லுப்போலக் காயும்வரை வெயிலிலேயே கிடக்கும். ஒரு வருடம் கெடாது. கொஞ்சம் உதிர்த்து எண்ணெயில் போட்டால் தெரு முழுக்க மணக்கும்.

புதுச்சேரியிலிருந்து இந்த வடகம் பிரெஞ்சுக்காரர்களோடு கப்பலேறியது. ‘வதுவான்’ என்ற பெயரில் பிரான்சின் உயர்தர உணவகங்களிலும் இன்று அது மசாலாவாகப் பயன்படுகிறது.

கூழும் மல்லாட்டையும்

கேழ்வரகுக் கூழ் உப்பளத்துக்குப் போகிறவர்களின் தூக்குவாளியில் இருப்பது; ஆடி மாதம் அம்மன் கோயில்களில் வார்ப்பது. தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு அல்லது சென்னாக்குன்னி என்னும் பொடி இறாலின் வறுவல். நிலக்கடலையை இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்பார்கள். நாடெங்கும் பரவிய டிஎம்வி 2 போன்ற நிலக்கடலை ரகங்களின் பெயரில் உள்ள டிஎம்வி, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. வேகவைத்த மல்லாட்டை மாலைத் தீனி. வறுத்து அரைத்த மல்லாட்டைச் சட்னி இட்லிக்கு. கோடையில் சாலையோரம் குவியும் தர்பூசணியும் இந்த மண்ணின் விளைச்சலே.

சாப்பாட்டுக் கடை

இங்குள்ள சிறு கடைகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. அம்மா குழம்பு வைப்பார், அப்பா மீன் வாங்கி வருவார், பிள்ளைகள் பரிமாறுவார்கள். விலைப்பட்டியல் அட்டை கிடையாது. “அக்கா, இன்னிக்கி என்ன மீன்?” என்று கேட்டால் மசாலா தடவி வைத்த தாம்பாளத்தையே காட்டுவார்கள். கைகாட்டிய துண்டு தோசைக்கல்லுக்குப் போகும். கிரேக்கத் தீவுகளின் ‘தவெர்னா’ என்னும் ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் வாடிக்கையாளர் சமையலறைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துத் தேர்வது நெடுநாள் பழக்கம். அன்றைய வலையில் விழுந்ததே அன்றைய சாப்பாடு என்பது இரண்டு கரைக்கும் பொது.

சோறு, மீன் குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல். வறுத்த மீனுக்குத் தனி விலை. குழம்பு இரண்டாம் முறையும் கேட்காமலே வரும்.

இன்றைய நிலை

பாக்கெட்டில் வரும் மீன்குழம்புத் தூள் வடகத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது. மண்சட்டிக்குப் பதில் அலுமினியம் வந்துவிட்டது. 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அளமும் கழியும் கெட்டால் இந்தச் சமையலும் கெடும், ஏனென்றால் இதன் சரக்கு வெளியிலிருந்து வருவதல்ல. வடகம் போடவும் கருவாடு பக்குவம் பார்க்கவும் தெரிந்த பாட்டிமார் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, அளவோடும் பெயரோடும் எழுதிவைக்கும் வேலையை இந்த ஊர்ப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இப்போதே தொடங்க வேண்டும்.