ஒரு நாள் மழையும் ஒரு மணி மழையும்: ஆம்பில் ஓடையின் கதை

புனேக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஊருக்குப் போன் செய்தால், "அங்கே மழை எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. "இங்கே என்ன மழை, சாரல்தான்" என்பேன். அது பொய்யும் அல்ல. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. சஹ்யாத்ரியின் மறைவில் இருக்கும் நமக்குக் கிடைப்பது 700 மி.மீ. சொச்சம்.

இந்த ஊரில் வெள்ளம் என்றால் பழைய ஆட்கள் 1961 ஜூலை 12-ஐத்தான் சொல்வார்கள். அன்று பான்ஷேத் அணை உடைந்தது. அந்த நீர் வந்து மோதியதில் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா ஆறு பேட்டைகளுக்குள் புகுந்தது. அதிலிருந்து புனேக்காரர்களுக்கு வெள்ள பயம் என்றாலே அணை பயம்தான். 2019 வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருடம் செப்டம்பர் 25, புதன்கிழமை இரவு. நாங்கள் சஹகார்நகர் பக்கம் இரண்டாவது மாடியில் இருந்தோம். இடி மின்னலோடு மழை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கீழ்வீட்டுக் காகு, "அண்ணா, ஓடா ஆலா!" என்று கத்தினார். ஓடை வந்துவிட்டது என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் ஸ்கூட்டர்கள் மிதக்கின்றன. காகுவையும் பேரப்பிள்ளைகளையும் மேலே ஏற்றிக்கொண்டோம். மின்சாரம் போய்விட்டது. சுவர் ஒன்று விழும் சத்தம் கேட்டது. எந்தச் சுவர் என்று இருட்டில் தெரியவில்லை. அரண்யேஷ்வர் பக்கம் சுவர் இடிந்து சிலர் இறந்தார்கள் என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது. மாவட்டத்தில் மொத்தம் 20 பேருக்கு மேல் மாண்டனர். எந்த அணையும் உடையவில்லை.

வந்தது ஆம்பில் ஓடை. மராட்டியில் 'ஓடா' என்பார்கள். நம் 'ஓடை'யோடு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். ஆம்பில் என்பது அவர்கள் ஊரில் புளித்த கூழுக்கும் பெயர். காத்ரஜ் மலையில் பிறந்து, பத்மாவதி, சஹகார்நகர், தாண்டேகர் பாலம் வழியாக முட்டாவில் சேர்கிறது. பழைய காலத்தில் இதன் பாதையே வேறு. இன்றைய பேட்டைகளின் நடுவே, சனிவார் வாடா பக்கமாக ஓடியது. நானாசாகேப் பேஷ்வா (ஆட்சிக்காலம் 1740–1761) காலத்தில்தான் அதை மேற்கே திருப்பினார்கள். காத்ரஜில் ஏரி கட்டி, நிலத்தடிக் கால்வாய் வழியாக ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்ததும் அவர் காலத்து வேலைதான். பர்வதி மலையடியில் ஒரு ஏரியும் எழுந்தது. அதன் நடுத் தீவில் பிறகு பிள்ளையார் குடிகொண்டார். இன்று நம் குழந்தைகள் ஓடி விளையாடும் சாரஸ்பாக் அந்த ஏரியின் படுகைதான்! பேஷ்வா ஓடையைத் திருப்பினார், ஆனால் அதற்கென்று ஒரு வழியை விட்டுவைத்தார். நம் காலத்தவர்கள் அந்த வழியிலேயே காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார்கள். எனக்கு வீடு விற்றவர் காட்டிய வரைபடத்தில் ஓடை ஒரு மெல்லிய பச்சைக் கோடாக இருந்தது. தோட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது மழைக்கணக்குக்கு வருகிறேன். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புனேக்கு வந்தது. பிறகு தில்லிக்குப் போய்விட்டாலும், சிவாஜிநகர் கட்டடத்தை ஆட்டோக்காரர்கள் இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். பாலக்காட்டு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். இராமநாதன் பணியாற்றிய துறை இது. பலூன்களில் கருவி கட்டி அனுப்பி, வெப்பமண்டலத்தின் மேல்வானம் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். ஏறக்குறைய அந்த உயரம் வரை, அதாவது 15 கிலோமீட்டருக்கும் மேலே, எழக்கூடியவை நம் இடிமேகங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தக்காணப் பீடபூமி வெயிலில் காய்ந்து, கடலிலிருந்து ஈரக்காற்றும் வந்தால் சாயங்காலம் பிடித்துக்கொள்ளும். மராட்டியில் 'வளீவ்', நமக்குக் கோடை மழை. பருவமழை விடைபெறும் செப்டம்பர், அக்டோபரிலும் இதே கதைதான்.

செய்தித்தாளில் வரும் மழையளவு காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரைக்கும் சேர்த்த கணக்கு. 80 மி.மீ. என்று போட்டிருந்தால், அது நாள் முழுக்கத் தூறியதா, இரண்டே மணி நேரத்தில் கொட்டியதா என்று அதிலிருந்து தெரியாது. முதலாவது வயலுக்கு நல்லது, இரண்டாவது ஆளைக் கொல்லும். இன்னொன்று, இடிமழை ஊர் முழுக்க ஒரே மாதிரி பெய்வதில்லை. சிவாஜிநகரில் கருவி லேசாக நனைந்திருக்கும், காத்ரஜில் மலையே கரைந்துகொண்டிருக்கும். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்தால் 10 கோடி லிட்டர் தண்ணீர். செங்குத்தான மலை, கீழே சிமெண்டுத் தரை, எங்கே ஊறும்? அணையைத் திறப்பதென்றால் முன்கூட்டிச் சொல்ல ஒரு அலுவலகமாவது இருக்கிறது. ஓடைக்கு அன்று காகுவின் குரல்தான் இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் வாடகை வீடு பார்க்க யோசனை கேட்டு என்னிடம் வருவார்கள். தண்ணீர் வசதி, பஸ் வசதி எல்லாம் அப்புறம்; பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். போன தடவை வந்த திருநெல்வேலிப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒரு சின்ன நாலாதான் சார். எப்பவும் காஞ்சுதான் கெடக்கு."