பத்திரிகைப் பக்கங்களில் பாடசாலை வரலாறு

பாடசாலை ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் முதலிற் தேடுவது சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் சேர்விடாப்பையுமே. போரும் இடப்பெயர்வும் கண்ட வடபுலத்தில் இவை முழுமையாக எஞ்சியிருக்கும் என எதிர்பார்க்க முடியாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறியபோது, அலுமாரியிலிருந்த இடாப்புகளைத் தூக்கிச் செல்ல எவருக்கு அவகாசம் இருந்தது?

இந்நிலையில் எமக்குத் துணையாவன பழைய பத்திரிகைகள். 1841 இல் அமெரிக்க மிசன் தொடங்கிய ‘உதயதாரகை’, 1889 இல் சைவபரிபாலன சபை தொடங்கிய ‘இந்து சாதனம்’, 1930 இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’, 1959 இல் வெளிவரத் தொடங்கிய ‘ஈழநாடு’ என யாழ்ப்பாணத்துப் பத்திரிகை மரபு நீண்டது. பரிசளிப்பு விழா, அதிபரின் அறிக்கை, பரீட்சைப் பெறுபேறு, புதிய கட்டடத்துக்கான நிதி சேகரிப்பு என்பவற்றைத் திகதியோடு தேடக்கூடிய இடம் அதுவே. பாடசாலை தொலைத்த ஒரு நாளைப் பத்திரிகை பத்திரமாக வைத்திருக்கக்கூடும்.

ஆனால் பத்திரிகைகளும் தப்பவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் தீக்கிரையானது. ஒரேயொரு பிரதியை ஒரேயோர் இடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை நாம் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இந்த இழப்புக்கு ஈடுகொடுக்க முயலும் பெரும் பணி. ஈழகேசரி, ஈழநாடு இதழ்கள் பலவற்றை இன்று ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வாசிக்கலாம்.

எனினும் படமாகக் கிடைப்பது வேறு. தேடிப் பெறுவது வேறு. மங்கிய மையும், மறுபக்க எழுத்தின் நிழலும், ‘லை’, ‘னை’, ‘றா’ ஆகியவற்றின் பழைய அச்சு வடிவங்களும் கணினியைத் தடுமாற வைக்கின்றன. பெண்களைத் தேடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. தந்தையின் முதலெழுத்தோடு ‘செல்வி’ எனப் பரிசு பெற்றவர், சில ஆண்டுகளில் கணவரின் பெயரோடு ‘திருமதி’ ஆகிவிடுகிறார். அவருடைய சொந்தப் பெயரே மறைந்துவிடுகிறது. இருவரும் ஒருவரே என்று கணினி அறியாது. அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் அறிவார்.

ஆகவே, இப்பணி தொழில்நுட்பம் அறிந்தோருக்கு மட்டும் உரியதன்று. உங்கள் பெட்டகங்களில் பழைய பத்திரிகை நறுக்குகள் இருப்பின், அவற்றைப் பசைநாடாவால் ஒட்டாதீர்கள். பிளாஸ்ரிக் உறையிட்டு அழுத்தவும் வேண்டாம். முழுப் பக்கம் இருந்தால் வெட்டாமல், பத்திரிகையின் பெயரும் திகதியும் தெரியப் படமெடுங்கள். திகதியற்ற நறுக்காயின், நினைவிலுள்ள ஆண்டைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். குழுப்படங்களில் உள்ளோரை இடமிருந்து வலமாக, திருமணத்துக்கு முந்திய பெயரையும் பிந்திய பெயரையும் சேர்த்துக் குறியுங்கள்.

மூத்த மாணவிகள் எம்மோடு இருக்கும்போதே இது நடைபெற வேண்டும். பக்கங்களைப் பின்னரும் படமெடுக்கலாம். அவற்றிலுள்ள முகங்களை அடையாளம் காட்டுவோர் என்றும் இருக்கப்போவதில்லை.