வந்த வரிசையா, ஆபத்தின் வரிசையா? இங்கிலாந்து மகப்பேறு பிரிவுகளில் டிரையேஜ் பயிற்சி உருவான வரலாறு

குறித்த நாளில் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணியை மருத்துவமனை எதிர்பார்த்திருக்கிறது. உதிரம் பட்டதென்றோ குழந்தையின் அசைவு குறைந்ததென்றோ நள்ளிரவில் ஓடிவருபவரை அது எதிர்பார்த்திருப்பதில்லை. இப்படி வருபவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும் 'டிரையேஜ்' வேலைக்கு இங்கிலாந்தின் மகப்பேறு பிரிவுகளில் நெடுங்காலம் பொதுவான நெறிமுறை இருக்கவில்லை. வந்த வரிசையும், பணியிலிருந்த மருத்துவச்சியின் அனுபவமுமே வழிகாட்டின.

பொது அவசர சிகிச்சைப் பிரிவுகள் இதில் முந்திக்கொண்டன. 1994இல் மான்செஸ்டரில் கூடிய குழு, நோயாளிகளை ஐந்து நிறங்களில் வகைப்படுத்தும் முறையை வகுத்தது. ஆனால் அதை அப்படியே பிரசவப் பிரிவுக்குள் கொண்டுவர முடியாது. கர்ப்பகாலத்தில் உடலின் இரத்த அளவு கூடுவதால், கணிசமான உதிரம் இழந்த பின்னும் ஒரு பெண்ணின் நாடியும் இரத்த அழுத்தமும் ஏறக்குறைய இயல்பாகவே தோன்றலாம். நஞ்சுக்கொடி பிரிந்து உதிரம் உள்ளேயே தேங்கினால் வெளியே ஒரு துளியும் தெரியாமல் போகலாம். தாய் நலமாக இருக்கும்போதே வயிற்றிலுள்ள சிசு ஆபத்தில் இருக்கலாம். ஒருவரைப் பார்த்து இருவருக்கும் முடிவு சொல்ல வேண்டிய இடம் அது.

தாய்மார் இறப்புகளை ஆராய்ந்த தேசிய விசாரணை அறிக்கை 2007இல், கர்ப்பிணிகளுக்கென மாற்றியமைத்த முன்னெச்சரிக்கை அட்டவணையைப் பரிந்துரைத்தது. படுக்கையில் இருப்பவரின் நிலை மோசமாவதைக் கண்டுகொள்ள அது உதவியது. வாசலில் காத்திருப்பவர்களை வரிசைப்படுத்த அது போதவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது பர்மிங்காம் மகளிர் மருத்துவமனையிலும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உருவான முறை. வந்த 15 நிமிடத்துக்குள் ஒரு மருத்துவச்சி பெண்ணைப் பார்த்து, வந்த காரணத்தைக் கேட்டு, நாடி, வெப்பநிலை, இரத்த அழுத்தம், வலி, வயிற்றின் நிலை, சிசுவின் இதயத்துடிப்பு ஆகியவற்றைச் சோதிக்கிறார். வயிற்றுவலி, உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், அசைவு குறைதல் என அடிக்கடி வரும் எட்டுக் காரணங்களுக்கும் தனித்தனி வழிப்படம் உண்டு. அதன்படி சிவப்பு என்றால் உடனடி கவனிப்பு. ஆரஞ்சு 15 நிமிடம், மஞ்சள் ஒரு மணி நேரம், பச்சை நான்கு மணி நேரம்.

இம்முறையின் உயிர் நிறங்களில் இல்லை, அதற்காக மருத்துவச்சிகளுக்குத் தரும் பயிற்சியில் இருக்கிறது என்பது என் கருத்து. உதிரப்போக்கு ஆபத்தானது என்பதை எந்த மருத்துவச்சிக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் மஞ்சள் என்பதை இன்னொருவரும் மஞ்சள் என்றே சொல்லும்படி தீர்ப்பைப் பொதுவாக்குவதுதான் பயிற்சியின் வேலை. 2017இல் சாரா கென்யனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பீட்டில் மருத்துவச்சிகளின் தீர்ப்புகளுக்கிடையே ஒப்புமை ஏறக்குறைய முழுமையாக, 0.96 அளவில் இருந்தது. முறைக்கு முன்னும் பின்னுமாக 994 பேரின் மருத்துவக் குறிப்புகளைத் தணிக்கை செய்ததில், 15 நிமிடத்துக்குள் பார்க்கப்படும் வாய்ப்பு 1.4 மடங்கானது தெரிந்தது. குழு உரையாடல்களில் பங்கேற்ற மருத்துவச்சிகள், இம்முறை தாயையும் சேயையும் மட்டுமல்ல, தங்களையும் காப்பதாகக் கூறினர். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்பதைவிட 'இவர் ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு மருத்துவர் விரைந்து வருவார்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய இதே காலத்தில் ஐந்து நிலை அளவுகோல்கள் எழுந்தன. இங்கிலாந்தில் 2023இல் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி பர்மிங்காம் முறையைப் பரிந்துரைத்தது.

ஆனால் பயிற்சி பெற்றவர் டிரையேஜ் அறையில் இருந்தால்தானே பயிற்சி பயன்படும்? 131 மகப்பேறு பிரிவுகளை ஆய்வுசெய்து, இங்கிலாந்தின் மருத்துவச் சேவைகளைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, டிரையேஜில் தாமதங்களையும் ஆள் பற்றாக்குறையையும் சுட்டிக்காட்டியது. மருத்துவச்சி 15 நிமிடத்தில் நிறத்தைக் குறித்துவிட்டாலும், அடுத்த கட்டப் பரிசோதனைக்கு வர வேண்டிய மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தால் ஆரஞ்சுப் பெண்ணின் காத்திருப்பு நீளவே செய்யும்.