பீங்கானில் பிறந்த பாட்டு

விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து ஊரின் பெயரைச் சுமப்பது பீங்கான். பொம்மை, அகல், ஃபியூஸ் கட்டை என்று இங்குள்ள சூளைகளில் வெந்தவை பல. இத்தொழிலைப் பட்டயப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் இங்கே உண்டு. பீங்கானுக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பழைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் ஊசிக்குப் பின்னால் ஒரு சிறு பீங்கான் துண்டு இருந்தது. களிமண் பீங்கான் அல்ல, பேரியம் டைட்டனேட். இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி அதிரும்போது அந்தத் துண்டு நெளியும். நெளிந்ததும் மின்னழுத்தம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் குழாய் ஒலிபெருக்கிக்கு அனுப்பியது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்த ரோஷல் உப்புப் படிகம் ஈரத்தில் கரையும். சுமார் 55 டிகிரி செல்சியஸில் சிதைந்துபோகும். நம் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் பீங்கானே தோது.

பதிவு செய்யும் வித்தைக்கு வேறொரு வரலாறு. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிந்தபோது மைக் கிடையாது. பாடகர் கூம்புக்குள் குரலை உரக்கச் செலுத்த, மெழுகுத் தட்டில் ஊசி கீறியது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். ராக ஆலாபனை அதற்குள் சுருங்கியாக வேண்டும். 1925 வாக்கில் மைக் வந்தபிறகுதான் மெல்லிய குரலுக்கும் இடம் கிடைத்தது.

பேசும்படம் வந்ததும் ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளியால் எழுதப்பட்டது. சென்னையிலேயே தயாரான முதல் பேசும்படம் ஏ. நாராயணனின் ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ (1934). அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. திரைத் தொழில்நுட்ப வரலாற்றை நடத்தும் எந்த வகுப்பிலும் முதல் வரியில் வர வேண்டிய பெயர் அது.

அன்று ஸ்டூடியோவே பள்ளிக்கூடம். பதிவாளரின் பக்கத்தில் நின்று கற்றதுதான் பாடம். 1945-இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் படிப்புகள் தொடங்கின. இன்றைய தரமணித் திரைப்படக் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒளிவழிப் பதிவில் ஃபிலிம் கழுவும் ரசாயனம் பிசகினால் குரலே கரகரக்கும். ஆகவே ஒலி படிப்பவர் இருட்டறையையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. காந்த நாடா வந்தபின் பிளேடும் கைக்கு வந்தது: நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டினால் இணைப்பில் ‘டக்’ என்ற ஓசை அடங்கும்.

இன்று இந்த வெட்டும் ஒட்டும் கணினித் திரையில் நடந்துவிடுகின்றன. ஆனாலும் ஒலி எப்படி மின்சாரமாகிறது என்பதைக் கையால் தொட்டு அறிய எளிய வழி இருக்கிறது. மலிவான பஸ்ஸரைப் பிரித்தால் பித்தளைத் தகட்டில் ஒட்டிய வெள்ளைப் பீங்கான் வில்லை கிடைக்கும். அதில் இரண்டு வயர்களைப் பற்றவைத்தால் தொடுமைக் தயார். சூளையில் வெந்த நல்ல கிண்ணத்திலும் விரிசல் விட்டதிலும் அதை மாறிமாறி ஒட்டிச் சுண்டிப் பதிந்தால், முதலாவதன் அலை நெடுநேரம் நீளும், இரண்டாவதன் அலை சட்டென்று அறுந்துவிடும். பீங்கான் மாணவருக்கும் ஒலி மாணவருக்கும் ஒரே மேசையில் நடத்தக்கூடிய பாடம் இது.